கல் பட்ட கண்ணாடியும் கோணல் கணக்கும்

தாம்பரத்தில் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு. மூன்றரை வருடத்துக்கு முன்பு லோன் போட்டு ஒரு சின்ன கார் வாங்கினார். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதுராந்தகத்தில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு மனைவி, மகளோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் திரும்பி வருகிறார். முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி. மேலே தார்ப்பாய் கிடையாது. "டக்"கென்று ஒரு சத்தம். முன் கண்ணாடியில், அவருக்கு இடது கைப் பக்கமாக, மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

முன் சீட்டில் இருக்கும் மகள் பதறிப்போய், "அப்பா, கண்ணாடி உடைஞ்சிருச்சா?" என்கிறாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. சின்னதுதான்" என்கிறார் அவர்.

இந்த "சின்னதுதான்" என்ற ஒரு வார்த்தைதான் இங்கே பிரச்சினை. அலுவலகத்தில் ஐம்பது பைசா டேலி ஆகவில்லை என்றால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடுகிற மனிதர் இவர். சொந்தக் காரின் கண்ணாடி விஷயத்தில் மட்டும் கணக்கை அப்படியே மூடி வைத்துவிடுகிறார். அவர் ஒருவரைச் சொல்லிக் குற்றமில்லை. சிக்னலில் நிற்கும் கார்களைக் கொஞ்சம் கவனித்தால் தெரியும். முன் கண்ணாடியில் புள்ளியோ, நட்சத்திரமோ, குறுக்கே ஓடும் கோடோ இல்லாமல் இருப்பது எத்தனை? சிலர் அந்த இடத்தில் சாமி ஸ்டிக்கரே ஒட்டிவிடுகிறார்கள். புதுக் கார் வாங்கிய அன்றைக்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கி, திருஷ்டி கழித்து எடுத்து வந்த அதே வண்டிக்கு, கல் பட்ட அன்றைக்கு ஒரு இன்ச் செல்லோ டேப் கூடக் கிடைப்பதில்லை!

ஜனவரியில் மிளகு, மே மாதத்தில் முழம்

முதலில், அந்தக் கண்ணாடி என்ன ஜாதி என்று தெரிந்துகொள்வது நல்லது. கதவுகளில் இருக்கும் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி. சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்தியது. உடைந்தால் பொடிப்பொடியாக உதிரும். முன் கண்ணாடி அப்படியல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் பாலிவினைல் பியூட்டிரல் என்ற பிளாஸ்டிக் படலம், மூன்றும் சேர்த்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. உடைந்தாலும் துண்டுகள் முகத்தில் வந்து விழாமல் படலம் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனிடிக்டஸ் 1903-இல், கீழே விழுந்த ஒரு குடுவை விரிசல் விட்டும் சிதறாமல் இருந்ததைக் கவனித்ததிலிருந்து பிறந்த யோசனை இது. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் பூச்சுதான் அதைச் சிதறாமல் பிடித்து வைத்திருந்தது.

ஜல்லிக்கல் பட்டு வரும் புள்ளி பெரும்பாலும் வெளித் தகட்டில் மட்டும் ஏற்படும் காயம். நடுப் படலமும் உள் தகடும் நன்றாகவே இருக்கும். இந்த நிலையில் மருந்து மிகச் சுலபம். அந்தக் குழிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசின் என்ற திரவத்தை அழுத்தத்தில் செலுத்தி, புற ஊதா விளக்கு காட்டி இறுகவைத்து, மேலே வழித்துவிடுகிறார்கள். அரை மணி நேர வேலை. புள்ளி முழுசாக மறையாது. ஆனால் அது மேலே பரவாது. அதுதான் வேண்டியது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. குழிக்குள் தண்ணீரும் தூசியும் போவதற்கு முன்னால் செய்ய வேண்டும். நாலு மழையும் நாற்பது தடவை வைப்பர் சோப்புத் தண்ணீரும் உள்ளே போன பிறகு ரெசின் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் கல் பட்ட உடனே அதன் மேல் ஒரு துண்டு தெளிவான டேப் ஒட்டுங்கள் என்று சொல்கிறார்கள். ஃபெவிக்விக் விடுவது, நெயில் பாலிஷ் வைப்பது, டூத் பேஸ்ட் தேய்ப்பது எல்லாம் வீட்டு வைத்தியம் என்ற பெயரில் நடக்கும் கொலை. ரெசின் போக வேண்டிய வழியை அவை அடைத்துவிடுகின்றன.

தாம்பரத்துக்காரர் இதில் எதையும் செய்யவில்லை. பிப்ரவரி போனது, மார்ச் போனது. கத்திரி வெயிலில் ஒரு நாள், காலையிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வாசலில் காய்ந்து கிடந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஏ.சி.யை முழு வேகத்தில் திருப்பினார். வெளித் தகடு கொதிக்கிறது, உள் தகடு குளிர்கிறது. கண்ணாடிக்கு இந்த இழுபறி தாங்காது. ஏற்கெனவே காயம்பட்ட இடத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, அவர் கண் முன்னாலேயே விளிம்பு வரைக்கும் ஓடி நின்றது. மிளகு இருந்த இடத்தில் இப்போது ஒரு முழம் நீளத்துக்கு விரிசல்.

இனிமேல் ரெசின் பேச்சுக்கே இடமில்லை. ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய அளவு, ஓட்டுபவரின் நேர்ப் பார்வையில் இல்லாமல், விளிம்பைத் தொடாமல், உள் தகடு வரை போகாமல் இருக்கும் காயத்துக்குத்தான் பழுதுபார்ப்பு. விளிம்பைத் தொட்ட விரிசல் என்றால் கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும். ஓட்டுபவரின் நேர்ப் பார்வையில் இருக்கும் காயத்துக்கும் பல நேரம் அதே கதிதான். ஏனென்றால் ரெசின் போட்ட இடத்திலும் ஒரு மங்கல் மிச்சம் இருக்கும். எதிரே ஹைபீம் போட்டு லாரி வரும்போது அந்த மங்கல் முழுக்க வெளிச்சமாகப் பூத்து நிற்கும். சாலையைக் கடக்கிற ஆள் தெரிய மாட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை

இப்போது அவர் சர்வீஸ் சென்டருக்குப் போகிறார். அங்கே டை கட்டிய இளைஞர் ஒருவர் பார்த்துவிட்டு, "மாத்தணும் சார். உங்களுக்கென்ன, இன்சூரன்ஸ் இருக்கு, க்ளெய்ம் போட்டுடலாம்" என்கிறார்.

வெளியே வந்து இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு போன் போடுகிறார். அவர் சொல்கிறார்: "க்ளெய்ம் போட்டுடாதீங்க சார். நோ க்ளெய்ம் போனஸ் போயிடும். கொஞ்ச நாள் ஓட்டுங்க, பார்க்கலாம்."

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. பிறகு நடப்பது என்ன? அவர் க்ளெய்மும் போடவில்லை, சொந்தப் பணத்தில் மாற்றவும் இல்லை. விரிசலோடு வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார். மறுநாளும் ஓட்டினார். அதற்கு மறுநாளும்.

இங்கேதான் கொஞ்சம் பென்சிலும் பேப்பரும் தேவைப்படுகிறது. ஏனென்றால் அவரைத் தயங்க வைத்தது சோம்பேறித்தனம் மட்டுமல்ல. அந்தக் கணக்கே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

நோ க்ளெய்ம் போனஸ் ஒரு ஏணி. க்ளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் முடிந்தால், சொந்த வாகனச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. இரண்டு வருடம் என்றால் 25. மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. நடுவில் ஒரு க்ளெய்ம் போட்டால், அது கதவுக் கைப்பிடியோ கண்ணாடியோ, அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு வந்து விழ வேண்டியதுதான். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி.

தாம்பரத்துக்காரர் 35 சதவீதத்தில் நிற்கிறார். தள்ளுபடிக்கு முந்தைய சேதப் பிரீமியம் வருடத்துக்கு 8,000 ரூபாய் என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால், க்ளெய்ம் போடாமல் இருந்தால் அவருக்கு அடுத்தடுத்து கிடைக்க வேண்டியது 45, 50, 50, 50, 50. க்ளெய்ம் போட்டால் கிடைப்பது 0, 20, 25, 35, 45. வித்தியாசத்தைக் கூட்டினால்: 45 + 30 + 25 + 15 + 5 = 120 சதவீதம். அதாவது ஐந்து வருடத்தில் 9,600 ரூபாய் இழப்பு.

வரவுப் பக்கம் என்ன? கண்ணாடி மாற்ற பில் 9,500 என்று வைத்தால், சின்ன கார்களுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். சீலன்ட், ரப்பர் இவற்றில் ஒரு 500 கைப்பணம் போகும். மிச்சம் 8,000 கம்பெனி தரும். ஆக, 8,000 வாங்கிக்கொண்டு 9,600 திருப்பிக் கட்டுகிறார். காரின் மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும், ஐந்து வருடம் கழித்துப் போகும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு, இதையெல்லாம் கழித்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வந்து நிற்கும். பி.காம். முதல் வருடப் பையனிடம் கேட்டால் இதற்குப் பெயர் சொல்லிவிடுவான். இது காப்பீடு இல்லை. ஐந்து வருடத் தவணையில் திருப்பிச் செலுத்தும் கடன்.

இதையே புதுக் கார்க்காரர் ஒருவருக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் வருடத்திலேயே கண்ணாடி போய், க்ளெய்ம் போடுகிறார். அவருக்கு 20, 25, 35, 45, 50 கிடைக்க வேண்டிய இடத்தில் 0, 20, 25, 35, 45. இழப்பு 50 சதவீதம், 4,000 ரூபாய்தான். அவர் தாராளமாக க்ளெய்ம் போடலாம். ஏணியின் உச்சியில் 50 சதவீதத்தில் இருப்பவருக்கோ இழப்பு 125 சதவீதம், 10,000 ரூபாய். அதாவது, அதிக வருடம் ஒழுங்காக ஓட்டியவருக்குத்தான் கண்ணாடி க்ளெய்ம் அதிக நஷ்டம்! அதே வருடத்தில் வேறு ஏதோ விபத்துக்கு ஏற்கெனவே க்ளெய்ம் போட்டவர் என்றால், போனஸ் எப்படியும் போயாயிற்று. கழிவு 1,000-ஐ மட்டும் பார்த்துக்கொண்டு கண்ணாடிக்கும் போட்டுவிடலாம். "க்ளெய்ம் போடு" என்பதும் "போடாதே" என்பதும் எல்லோருக்கும் பொதுவான பதில் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

கூடவே ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். "பம்பர் டு பம்பர் எடுத்தால்தான் கண்ணாடிக்கு முழுப் பணம் கிடைக்கும்" என்று நம்பிக் கூடுதல் பிரீமியம் கட்டுபவர்கள் உண்டு. நெடுங்காலமாக இருந்துவரும் தேய்மான அட்டவணைப்படி ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம் பிடிப்பார்கள். கண்ணாடிக்குப் பிடித்தம் பூஜ்யம். கண்ணாடிக்காக மட்டும் அந்தக் கூடுதல் பாலிசி தேவையே இல்லை. போனஸைப் பாதுகாக்கும் கூடுதல் பாலிசி வேறு, இது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

யாருக்கு லாபம்?

ஜனவரியில், அந்த மிளகுப் புள்ளியைச் சரிசெய்ய 800 ரூபாய் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டாயக் கழிவு 1,000. ஆக, இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது. மே மாதத்தில் அதே காயம் 9,500 ஆன பிறகு, இன்சூரன்ஸ் 8,000 தரத் தயார். சின்னதாக இருக்கும்போது நீ பார்த்துக்கொள், பெரிதானால் என்னிடம் வா என்று பாலிசியே சொல்கிறது. இப்படிச் சொல்லிக் கொடுத்த பிறகு ஜனங்கள் காத்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

கம்பெனியின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இது முட்டாள்தனமான கணக்காகத் தெரியும். பத்துப் புள்ளிகளை 800 வீதம் சரிசெய்ய 8,000 ஆகும். ஒரு முழுக் கண்ணாடிக்குத் தருவதும் அதே 8,000. பத்துப் புள்ளிகளில் ஒன்றே ஒன்று விரிசலாகி க்ளெய்முக்கு வந்தாலே போட்ட பணம் சரியாகிவிடும். பிறகு ஏன் அடிப்படைப் பாலிசியிலேயே புள்ளியைச் சரிசெய்து தரக்கூடாது?

காரணம் கசப்பானது. விரிசலாகும் எல்லாக் கண்ணாடியும் க்ளெய்முக்கு வருவதில்லை. போனஸ் பயத்தில் பாதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள் என்றால், கம்பெனிக்கு அந்தக் கண்ணாடியின் செலவு எட்டாயிரமும் இல்லை, எண்ணூறும் இல்லை, பூஜ்யம். விரிசலோடு ஓடும் ஒவ்வொரு காரும் யாரோ ஒருவருடைய லாபக் கணக்கில் ஒரு வரி. அந்தக் காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களின் கணக்கு மட்டும் எந்த லெட்ஜரிலும் ஏறுவதில்லை.

சில கம்பெனிகள் கூடுதல் பிரீமியத்துக்குக் கண்ணாடிப் பழுதுபார்ப்பை போனஸைத் தொடாமல் தருகின்றன. நல்லது. ஆனால் நுணுக்கி நுணுக்கிப் படித்து, காசு கட்டி, கேட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் அது. எல்லோருக்கும் வர வேண்டியதைக் கூடுதல் சரக்காக விற்பது நியாயமா?

"இலவசமாகக் கொடுத்தால் ஆளாளுக்கு கண்ணாடி மாற்றிக்கொண்டே இருப்பார்களே?" என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் அப்படித்தான் ஆனது. அங்கே முழுமைக் காப்பீடு இருந்தால் முன் கண்ணாடிக்குக் கழிவுத் தொகை பிடிக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. உடனே ஒரு கூட்டம் கிளம்பியது. கார் உரிமையாளருக்குப் பரிசுக் கூப்பன் கொடுத்து, அவருடைய க்ளெய்ம் உரிமையைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கி, கம்பெனிக்குப் பெரிய பில் அனுப்பி, தராவிட்டால் வழக்குப் போடும் வியாபாரம். ஆயிரக்கணக்கில் வழக்குகள். கடைசியில் 2023-இல் கூப்பன் கொடுப்பதையும் உரிமையை எழுதி வாங்குவதையும் தடைசெய்து புதுச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் தெளிவு. மாற்றுவதை இலவசமாக்கினால் மாற்றுவது பெருகும். பழுதுபார்ப்பதை இலவசமாக்கினால் பழுதுபார்ப்பது பெருகும். நல்ல கண்ணாடியில் புள்ளி இருப்பதாகச் சொல்லி ரெசின் ஊற்றி யாரும் கோடீஸ்வரன் ஆகப் போவதில்லை. பிரிட்டனில் பல கம்பெனிகள் இதைத்தான் செய்கின்றன. புள்ளியைச் சரிசெய்யக் கழிவு மிகக் குறைவு அல்லது இல்லை, மாற்றினால் அதிகம். அங்கே வருடாந்திர வாகனப் பரிசோதனையிலும் இதற்கு அளவு உண்டு. ஸ்டியரிங்குக்கு நேராக 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் காயம் இருந்தால் வண்டி ஃபெயில். வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மில்லிமீட்டர்.

இந்தியாவில்? மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-வது விதி, முன் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சம் வர வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை சொன்னதும், போலீசார் நடுரோட்டில் நிறுத்தி நிறுத்தி உரித்தார்கள். ஆபத்தான பழுதோடு வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் 1,500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் விரிசல் விட்ட கண்ணாடிக்காக நிறுத்தப்பட்ட சொந்தக் கார் ஒன்றை யாராவது பார்த்திருக்கிறார்களா? அந்த விரிசலுக்குக் காரணமான, தார்ப்பாய் போடாத டிப்பரையாவது?

மாற்றுவது என்று முடிவான பிறகு

இங்கே இரண்டாவது "சின்னதுதான்" வருகிறது. "ஒரு கண்ணாடி மாத்தறதுல என்னங்க இருக்கு?"

அம்பாசிடர் காலத்தில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ரப்பர் பீடிங்கில் கயிற்றைக் கோத்து இழுத்துக் கண்ணாடியை உட்கார வைத்துவிடுவார்கள். அந்தக் கார் 2014-இல் உற்பத்தியே நின்றுபோனது. ஆனால் அந்த நினைப்பு மட்டும் போகவில்லை. இன்றைய கார்களில் முன் கண்ணாடி பாலியூரித்தேன் சீலன்டால் உடம்போடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் பக்கத்து சீட்டு ஏர்பேக் மேல்நோக்கி விரிந்து, முன் கண்ணாடியில் மோதி, அதன் மேல் சாய்ந்துதான் ஆளைப் பிடிக்கிறது. முன் பக்கம் இரண்டு ஏர்பேக் வேண்டும் என்ற விதி புது மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த வருடக் கடைசியிலிருந்தும் கட்டாயமானது. அந்த ஏர்பேக்குக்காக வாங்குபவர் காசு கொடுத்திருக்கிறார். ஒட்டு சரியில்லாத கண்ணாடி அந்த அடியில் வெளியே பிய்த்துக்கொண்டு போனால், ஏர்பேக் காற்றில்தான் விரியும்.

ஆகவே, எந்தக் கண்ணாடி என்பதைவிட எப்படி ஒட்டினார்கள் என்பது முக்கியம். இதில்தான் ஜனங்கள் தலைகீழாக நிற்கிறார்கள். கார் கம்பெனி லோகோ போட்ட கண்ணாடியா என்று நூறு தடவை கேட்பார்கள். ஒட்டுவது என்ன பசை என்று ஒரு தடவை கூடக் கேட்பதில்லை. கார் கம்பெனிகள் கண்ணாடி தயாரிப்பதில்லை. கண்ணாடி உற்பத்தியாளரிடம் வாங்கி லோகோ போட்டுக்கொள்கின்றன. அதே உற்பத்தியாளரின் லோகோ இல்லாத கண்ணாடி வெளிச் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால், அதைப் போடுவதில் தப்பில்லை. கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கும் முத்திரையைக் குனிந்து படித்தால் போதும். தயாரிப்பாளர் பெயர், ஐ.எஸ்.ஐ. குறி, ஐ.எஸ். 2553 என்ற எண், லேமினேட்டட் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முத்திரையே இல்லாத கண்ணாடியையும், உடைத்த வண்டியிலிருந்து அறுத்தெடுத்த பழைய கண்ணாடியையும் தொடக்கூடாது. புதுப்பேட்டையில் சைடு மிரர் வாங்கலாம், டிக்கி கதவு வாங்கலாம். ஒரு தடவை அறுத்தெடுத்து விளிம்பு சிராய்த்த முன் கண்ணாடி வாங்குவது சிக்கனம் ஆகாது.

ஒட்டும் இடத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு. பழைய பசையை முழுக்கச் சுரண்டாமல் மெல்லிய அடுக்காக விட்டுச் சீவுகிறார்களா? சுரண்டியதில் பெயின்ட் போன இடத்துக்கு பிரைமர் அடிக்கிறார்களா? (அடிக்காவிட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் துரு.) ஒட்டும் விளிம்பை வெறும் கையால் தொடுகிறார்களா? ஜன்னலுக்கும் மீன் தொட்டிக்கும் போடும் சிலிகான் ட்யூபை எடுக்கிறார்களா, கார் கண்ணாடிக்கான பாலியூரித்தேனா, அதன் காலாவதித் தேதி என்ன? எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம்? இந்தக் கடைசிக் கேள்விக்கு "இப்பவே எடுத்துட்டுப் போலாம் சார்" என்று பதில் வந்தால் உஷாராக வேண்டும். அந்த நேரம் பசைக்குப் பசை மாறும். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்குப் பல மணி நேரம். அது அந்தப் பசையின் குறிப்பேட்டில் எழுதியிருக்கும். ஆள் சொல்வது கணக்கில்லை. முதல் ஒன்றிரண்டு நாள் கதவை அறைந்து சாத்தக்கூடாது, ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும், பிரஷர் வாஷ் கூடாது.

கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்து, தானே பிரேக் போடும் வசதி இருக்கும் கார் என்றால், மாற்றிய பிறகு அந்தக் கேமராவை மறுபடி அளவுபடுத்த வேண்டும். அது பில்லில் தனி வரியாக இருக்க வேண்டும். இந்த மாதிரிக் கார்களில் கண்ணாடி விலையே பல மடங்கு. அங்கே போனஸ் இழப்பைவிட க்ளெய்ம் பெரிதாக இருக்கும், போடுவதுதான் புத்திசாலித்தனம். பழைய கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேகை உரித்துப் புதுக் கண்ணாடியில் ஒட்டலாம் என்று நினைப்பவர்கள் சுங்கச்சாவடியில் மாட்டிக்கொள்வார்கள். உரித்தால் அது செத்துவிடும். கொடுத்த வங்கியிடம் மாற்று டேக் கேட்டு வாங்க வேண்டும்.

"இவ்வளவு தலைவலி எதற்கு, சின்னப் புள்ளி விழுந்த உடனே கண்ணாடியையே மாற்றிவிட்டால் போகிறது" என்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஃபாக்டரியில் ஒட்டிய ஒட்டுக்கு ஈடான ஒட்டு வெளியே கிடைப்பது சுலபமில்லை. சரிசெய்ய முடிகிற வரைக்கும் அதைக் கலைக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அதனால்தான் 800 ரூபாய் வேலையை 800 ரூபாயிலேயே முடிக்க வேண்டும்.

கேட்க வேண்டியது

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடம் கேட்க வேண்டியது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. கல் பட்ட புள்ளியை ரெசின் போட்டுச் சரிசெய்யும் செலவுக்கு, எல்லா அடிப்படைச் சேதப் பாலிசியிலும், கழிவுத் தொகை கிடையாது, அதனால் போனஸும் போகாது. இந்த ஒரு வரி போதும். கண்ணாடியை மாற்றுவதற்குக் கழிவு இருக்கட்டும், போனஸ் விதியும் இருக்கட்டும். கூடவே, கண்ணாடி மாற்றும் ஒவ்வொரு பில்லிலும் பசையின் பெயரும், எத்தனை மணிக்கு ஒட்டினார்கள், எத்தனை மணிக்கு வண்டியை விட்டார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். மாத்திரை அட்டையில் தேதி போடுகிற நாட்டில் இது முடியாத காரியமா?

அந்த ஒரு வரி வரும் வரைக்கும் கணக்கைச் சொந்தமாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். புள்ளி விழுந்த அன்றைக்கே டேப். அந்த வாரத்துக்குள் ரெசின், கைக்காசிலிருந்து. விரிசல் ஓடிவிட்டால், ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து க்ளெய்மா, கைக்காசா என்று ஒரே நாளில் முடிவு. இரண்டில் எதை எடுத்தாலும் சில ஆயிரம்தான் முன்னே பின்னே. மூன்றாவது வழி ஒன்று இருக்கிறதே, எதுவும் செய்யாமல் ஓட்டுவது, அதற்குத்தான் விலை எழுதப்படவில்லை.

தாம்பரத்துக்காரர் இன்றைக்கும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் புதுப்பிப்பு வருகிறது, 45 சதவீதம் கிடைத்துவிடும், அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறார். மிச்சம் 3,600 ரூபாய். காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்ட நாட்களில் மகள் முன் சீட்டில்தான் உட்காருகிறாள். விரிசல் ஓடுவது அவளுடைய முகத்துக்கு நேராகத்தான்.